எந்த இடத்தில நிப்பாட்டினாய்?

போன வருசம் இரண்டாவது செமஸ்டர் தொடங்கின கிழமை. என்ட ரூம்மேட் கட்டிலில் படுத்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டி, எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு கேக்குறியே அந்த ஹிப் ஹொப், அதுல நான் எதுல ஆரம்பிக்கட்டும்?"

அவள் தலவாக்கலைப் பக்கம். நான் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் கலைப்பீடம், இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரை தமிழ் மீடியம். இந்த விசயமெல்லாம் பிறகு கதைக்குள் வரும், அதனால் இப்பவே சொல்லிவிடுகிறேன்.

"எதில தொடங்கட்டும்" எண்டு ஆராவது கேக்கமாட்டினமா எண்டு ஏங்கிக்கொண்டு திரியிற ஒரு கூட்டம் இருக்கு. நான் அந்தக் கூட்டம். வீட்டில் தம்பிக்கு அனிருத் போதும். பட்ச்சில் இருக்கிற பெடியள் என்னைவிட அதிகம் தெரியும் எண்டு காட்டத்தான் கதைப்பினம். ஒருத்தி தானாக வந்து கேட்டது இதுதான் முதல் தரம். அன்றிரவு அசைன்மென்டை மூடி வைத்துவிட்டு 18 அல்பங்களுக்கு ஒரு பட்டியல் எழுதினேன். 1987இல் எரிக் பி. அன்ட் ரக்கிமின் 'பெய்ட் இன் ஃபுல்', 1988இல் பப்ளிக் எனமி, 1991இல் எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட், 1992இல் டொக்டர் ட்ரேயின் 'த க்ரொனிக்', 1994இல் நாஸ் என்று வருச ஒழுங்கில் போய் 2015இல் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'யில் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் வேற. வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நல்ல வேலை ஒன்று செய்த திருப்தியில் படுத்தேன்.

மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் கன்டீனில் பிளேன்டீ குடிக்கேக்க நானே கேட்டேன்.

"கேட்டேன்டி. மூணு கேட்டேன். ஒண்ணும் வெளங்கல. அதுல ஒருத்தன் பொம்பளைங்கள திட்டிக்கிட்டே இருந்தான். அது மட்டும் நல்லா வெளங்கிருச்சு."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வரலாறு தெரியாமல் கதைக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அறைக்கு வந்து அந்தப் பட்டியலைத் திருப்பி வாசித்தேன். அதில் எங்கேயும் அவள் இல்லை. நான்தான் இருந்தேன். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் 18 வரியிலும் இருந்தது.

நான் அவளுக்குச் சொல்லாத ஒரு உண்மை இருக்கு. நான் ஹிப் ஹொப் கேட்கத் தொடங்கினது ஓ.எல். சோதனை முடிந்து வீட்டில் சும்மா இருந்த மூன்று மாதத்தில். வெளிநாடு போன மச்சாள் விட்டுட்டுப் போன பழைய போனில் ஒரு மெமரி கார்ட், அதில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நாஸின் 'இல்மாட்டிக்'. பத்து ட்ராக், நாற்பது நிமிடம்கூட வராது. அதை ஆறு மாதம் கேட்டேன். ஆறு மாதமும் எனக்கு ஒரு முழு வசனம் விளங்கினதில்லை. பியானோ ஒன்று இருட்டுக்குள்ள நடக்கிற மாதிரி வருகிறது, அதற்கு மேலே ஒருத்தன் மூச்சு விடாமல் கதைக்கிறான், அவ்வளவுதான். பிறகுதான் இணையத்தில் வரிகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, பாட்டுக்கு மூன்று நாள் என்று வாசித்தேன். இண்டைக்கும் புது அல்பம் வந்தால் எனக்கு முதல் தரம் பாதிதான் விளங்கும். ஆனால் கம்பஸுக்கு வந்தபிறகு, பிறக்கேக்கயே புரொங்ஸில பிறந்த மாதிரி ஒரு கதை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலிஷ் ராப் கேட்கிற எல்லாரிட்டையும் இந்தப் பொய் கொஞ்சம் இருக்கும் எண்டு நினைக்கிறன். இல்லையெண்டு சொல்லுறவையிட்ட ரக்கிமின்ட ஒரு பாட்டைப் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ.

அவள் சொன்ன இரண்டாவது விசயம் இதைவிடப் பாரம். பெண்களைத் திட்டின அல்பம் 'த க்ரொனிக்'. நான் உடனே வக்கீல் வேலை பார்த்தேன். அந்தக் காலம் அப்பிடி, அந்தச் சூழல் அப்பிடி, பீட்டைக் கேள், அந்த சின்தசைசர் சத்தம் கலிபோர்னியா ராப்பையே மாத்தினது என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டாள்: "பீட்ட மட்டும் எப்புடிடி தனியா கேக்குறது? எனக்கு ரெண்டு காது, ஆனா ஒரு தலதானே?"

பதில் இல்லை. அதோடு நான் மறைத்த இன்னொன்றும் இருக்கு. 1991இல் டீ பார்ன்ஸ் என்ற பெண் ஊடகவியலாளரைத் தாக்கின வழக்கில் ட்ரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. தான் காயப்படுத்தின பெண்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2015இல். பட்டியலில் நான் எழுதின இரண்டு வரியில் இது இல்லை. சின்தசைசர் மட்டும் இருந்தது. நான் இண்டைக்கும் அந்த அல்பம் கேக்கிறனான். ஆனால் புதுசாக வாற ஆளுக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு, இதையெல்லாம் ஒளிச்சு வைச்சு "முக்கியமான அல்பம்" எண்டு தூக்கிக் குடுக்க எனக்கு இப்ப மனம் வராது.

அப்ப ஹிப் ஹொப்பில் எங்களுக்கு இடமே இல்லையா எண்டா, தொடக்கமே ஒரு பிள்ளையின்ட வேலைதான். 1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க்கில் புரொங்ஸ், 1520 செட்ஜ்விக் அவெனியூ. அந்த மாடிக்கட்டடத்தின் பொது மண்டபத்தில் நடந்த பார்ட்டியைத்தான் ஹிப் ஹொப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். பாட்டுப் போட்டவர் டிஜே கூல் ஹேர்க், ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பெடியன். ஆனால் பார்ட்டியை ஒழுங்குபண்ணினது அவருடைய தங்கச்சி சின்டி. பள்ளிக்கூடம் திறக்க முதல் புது உடுப்பு வாங்கக் காசு வேணும் என்பதுதான் காரணம். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் ரிக்கெட். ஆறு வருசம் கழித்து, 1979இல், ராப்பை வானொலிக்குக் கொண்டுபோன 'ரப்பர்ஸ் டிலைட்' பாட்டைத் தயாரித்ததும் சில்வியா ரொபின்சன் என்ற பெண்தான். பாட்டில் வாற கெட்ட வார்த்தைகளுக்கு நேரே முகத்தைப் பார்த்து பதில் சொன்னவளும் இருக்கிறாள். குயின் லதீஃபாவின் 'யுனிட்டி' 1993இல் வந்தது, 1995இல் கிராமி வாங்கினது. என்ட 18 அல்பத்தில் லதீஃபா இல்லை. ஒரேயொரு பெண் இருந்தாள், அதுவும் பதினோராவது இடத்தில்: லோரின் ஹில்.

அந்தப் பதினோராவதைத்தான் பிறகு முதலாவதாக்கினேன். 1998இல் வந்த 'த மிஸ்எடியுகேஷன் ஒஃப் லோரின் ஹில்'. இந்தமுறை லிங்க் அனுப்பவில்லை. நைட் டேட்டாவில் இறக்கி, அவளின்ட கட்டிலில் இரண்டு பேரும் இருந்து, ஒரு ஹெட்செட்டில் ஆளுக்கொரு காதாகக் கேட்டோம். அல்பம் ஒரு வகுப்பறையில் தொடங்கும். மணி அடிக்கும், வாத்தியார் இடாப்புக் கூப்பிடுவார், லோரின் என்று கூப்பிட ஆள் இல்லை. பாட்டுகளுக்கு நடுவில் அந்த வகுப்பு திரும்பத் திரும்ப வரும். வாத்தியார் பிள்ளைகளிடம் காதல் எண்டா என்ன எண்டு கேட்பார், அவர்கள் வெட்கப்பட்டு, சிரிச்சு, அடிபட்டுப் பதில் சொல்வார்கள். வாத்தியாராக வாறவர் ராஸ் பராக்கா, பிறகு நியூவார்க் நகரத்தின் மேயராக வந்தவர். அந்த வகுப்பை விளங்கிக்கொள்ள பெரிய இங்கிலிஷ் தேவையில்லை. பின்வாங்கில் இருந்து கத்துற பிள்ளை எல்லா நாட்டிலும் ஒண்டுதான்.

'டு சயன்' பாட்டு வந்தபோது நான் நிப்பாட்டி விளக்கம் சொன்னேன். லோரினுக்கு அப்ப 22 வயது, இசையில் உச்சம், வயிற்றில் பிள்ளை. பிள்ளை வேண்டாம், தொழிலைப் பார் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் பிள்ளையைப் பெற்று அவனுக்கே பாட்டும் எழுதினாள். கிட்டார் கார்லோஸ் சன்டானா. என்ட ரூம்மேட் ஒன்றும் சொல்லவில்லை. "திரும்பப் போடு" என்று மட்டும் சொன்னாள். நாலு தரம் போட்டோம். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு கணக்கு அவளுக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் ஓடினது. நான் கேட்கவில்லை.

இந்த அல்பம் 1999இல் அந்த வருசத்தின் சிறந்த அல்பத்துக்கான கிராமியை வாங்கினது. ஹிப் ஹொப்புக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தரம். இதிலும் கறை இல்லாமல் இல்லை. கூட வேலை செய்த நாலு இசைக்கலைஞர்கள் தங்கட பேரைச் சரியாகப் போடவில்லை என்று வழக்குப் போட்டு, 2001இல் சமாதானமாக முடிந்தது. இதை நான் முதலே அவளுக்குச் சொல்லிவிட்டேன். ஒருக்கா சூடு பட்டாச்சு.

அடுத்தது 'டோனட்ஸ்'. இது பட்டியலிலேயே இல்லாதது. விளங்கேல்ல எண்டு சொன்னவளுக்கு, விளங்கிறதுக்கு வார்த்தையே இல்லாத ஒன்றைக் குடுத்துப் பார்ப்பமே எண்டுதான். ஜே டில்லா டெட்ராயிட் நகரத்துக்காரர். 2006 பெப்ரவரி 7, தன்னுடைய 32ஆவது பிறந்தநாளில் இந்த அல்பத்தை வெளியிட்டார். மூன்று நாள் கழித்து நோயால் இறந்துபோனார். 31 துண்டு, கனக்க ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். பழைய சோல் இசைத்தட்டுகளை வெட்டி, திருப்பி, ஒட்டின வேலை. யாரோ ஒரு பெண் அரைச் சொல்லில் அழுவாள், அந்த அழுகையே தாளமாகும். முதல் துண்டுக்குப் பேர் 'அவுட்ரோ'. கடைசித் துண்டு முடியிற இடம் முதலாவதின் தொடக்கத்தில் போய் ஒட்டும், விட்டால் சுத்திக்கொண்டே இருக்கும்.

கேட்கும்போது நான் கூல் ஹேர்க் கதையின் மிச்சத்தைச் சொன்னேன். சனம் எந்த இடத்தில் கூட ஆடுது எண்டு ஹேர்க் கவனித்தார். பாட்டெல்லாம் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் வாசிக்கிற அந்தச் சின்ன இடத்தில். அது சில செக்கனில் முடிந்துவிடும். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அந்த இடம் முடிய மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, நீட்டிக்கொண்டே போனார். ஹிப் ஹொப் எண்டிறது அந்த நீட்டலில் பிறந்ததுதான், ராப் அதற்கு மேலே பிறகு வந்து ஏறிக்கொண்டது.

அவள் எழும்பி இருந்தாள். "எங்க ஊர்ல காமன் கூத்துக்கு தப்பு அடிக்கிற மாமா அதத்தான்டி செய்வாரு. ஆடுறவன் ஒரு எடத்துல நல்லா ஆட ஆரம்பிச்சான்னா அந்த அடியையே விடாம திருப்பித் திருப்பி அடிப்பாரு. அவன் களைச்சு விழுற வரைக்கும்." சொல்லிவிட்டு கட்டில் சட்டத்தில் அடித்துக் காட்டினாள். இரண்டு செமஸ்டர் ஒரே அறையில் இருக்கிறம். அவளுக்குத் தப்பு அடிக்கத் தெரியும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

இந்த உற்சாகத்தில்தான் நான் ஒரு பிழை விட்டேன்.

அந்த வார இறுதியில் அவள் ஊருக்குப் போயிருந்தாள். நான் 'என்ஜாய் எஞ்சாமி' லிங்கை அனுப்பி, கீழே "இது உங்கட ஆக்கள்ட பாட்டு, கட்டாயம் கேள்" எண்டு எழுதினேன். தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வந்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பினவர். அந்தக் கதையில் இருந்துதான் பாட்டு வருகிறது. இதைப் போய் அவளுக்கு விளக்கமாக வேற எழுதி அனுப்பினேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வரைக்கும். நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

திங்கள் இரவு வந்து பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "அமெரிக்காக்காரன் பாட்டெல்லாம் அனுப்புனப்போ 'நல்லா இருக்கும், கேளு'ன்னு அனுப்புன. இத மட்டும் ஏன் 'உங்கட ஆக்கள்'ன்னு அனுப்புன? எங்க ஊரு ஓட்டோ எல்லாத்துலயும் போட்டு 2021லயே கேட்டாச்சு. எங்க பாட்டியோட கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு அந்த ஒப்பந்தத்துல போனவங்க. அத நீ எனக்கு வெளக்கணுமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி விடு" என்றாள், ஆனால் அந்தக் கிழமை முழுக்க ஹெட்செட் கேட்கவில்லை. எனக்குப் படுக்கையில் ஒரு பழைய விசயம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் கொழும்பில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். நான் யாழ்ப்பாணம் எண்டு சொன்னதும் ஒருத்தர், "ஓ, அப்ப எம்.ஐ.ஏ. உங்கட ஆள்தானே, உமக்கு நல்லாப் பிடிக்குமே" எண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் இரண்டு வருசம் எம்.ஐ.ஏ. கேட்காமல் இருந்தேன். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் அடையாள அட்டை மாதிரி என்னை ஒட்டிவிட்டது பிடிக்கவில்லை. பிறகு நானாகத் தேடிக் கேட்டபோதுதான் 2005இல் அப்பாவின் பெயரில் வந்த 'அருளர்', 2007இல் அம்மாவின் பெயரில் வந்த 'கலா' இரண்டும் எவ்வளவு முரட்டு அல்பங்கள் எண்டு தெரிந்தது. 'கலா'வில் உறுமி மேளம் வாற இடம் இண்டைக்கும் என்னை எழுப்பிவிடும். நல்ல அல்பத்தை எனக்கு இரண்டு வருசம் பிந்தவைத்த அதே வேலையை நான் அவளுக்குச் செய்திருக்கிறன். அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப ஒனக்கு தெரிஞ்சிருக்கணுமே" என்றாள். சரிதான்.

பிறகு அவளாகத்தான் திரும்பத் தொடங்கினாள். ஒருநாள் தொடரூந்தில் ஊருக்குப் போகேக்க மெசேஜ் வந்தது: "அந்த நாஸ் அல்பத்துல மூணாவது பாட்டு முடியிற எடத்துல ஊதுறது யாரு?"

பழைய பட்டியலில் இருந்து அவளாகவே 'இல்மாட்டிக்'கை எடுத்திருக்கிறாள். அது நாஸின்ட அப்பா, ஓலு டாரா எண்ட ஜாஸ் கலைஞர், கோர்னெட் வாசிக்கிறார் எண்டு எழுதினேன். மகனுக்கு அல்பம் வரேக்க வயது 20. உலகமே வீண், நாளைக்குச் சாவம் எண்டு இரண்டு பெடியள் பாடி முடிக்க, பின்னுக்கு அப்பா ஒரு வார்த்தை பேசாமல் ஊதிக்கொண்டு போவார். அந்தப் பாட்டின் தலைப்பிலேயே பெண்களைத் திட்டுற அந்தச் சொல் இருக்கு எண்டதையும் சேர்த்து எழுதினேன். "பாத்தேன். ஆனா ஊதுறது நல்லா இருக்கு" எண்டு பதில். அவளுக்கு இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருக்க ஒரு வழி கிடைத்திருக்கு, எனக்கு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை. ஏழாவது பாட்டு சிறையில் இருக்கிற கூட்டாளிக்கு எழுதுற கடிதங்கள், வெளியில யார் யார் என்ன செய்யினம் எண்டு சொல்லுற கடிதங்கள். அதை அவளுக்கு விளக்க எனக்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. இந்த நாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரிந்த கடிதம்.

கென்ட்ரிக்கில் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' அவளுக்குச் சரிவரவில்லை, இரண்டாம் பாட்டோடு போனை வைத்துவிட்டாள். 2012இல் வந்த 'குட் கிட், மாட் சிட்டி' பிடித்தது. கொம்ப்டன் நகரத்தில் ஒரு பெடியனின்ட கதை, நடுநடுவில் அம்மாவின் வொய்ஸ் மெசேஜ் வரும், என்ட வானைக் கொண்டுவந்து தா எண்டு. அம்மாவின் குரலுக்காகவே முழு அல்பமும் கேட்டாள். பப்ளிக் எனமி இரண்டு நிமிடம். "பொலிஸ் வண்டி மாதிரி கத்துது." அந்தச் சைரன் சத்தத்தை அவர்கள் வேணுமெண்டே செய்தது எண்டு சொன்னேன். "வேணும்னு செஞ்சா மட்டும் காது வலிக்காதா?" பப்ளிக் எனமியை நான் தனியாகக் கேட்கிறேன்.

இப்ப ஜூனியர் பிள்ளையள் இரண்டு பேர் அதே கேள்வியோடு வந்திருக்கினம். பட்டியல் அனுப்பவில்லை. ஒருத்திக்குத் தமிழ்ச் சொல்லும் வேணும், பழைய பாட்டும் பிடிக்கும், அவளுக்கு யோகி பி அன்ட் நட்சத்ராவின் 'வல்லவன்'. 2006இல் மலேசியாவில் இருந்து வந்தது, இளையராஜாவின் 'மடை திறந்து' அதற்குள் எப்படி மாறி நிக்குது எண்டு பார்க்க. மற்றவள் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள், அவளுக்கு லோரினின் வகுப்பறை. அதற்கு மேல் ஒன்றும் குடுக்கவில்லை. முதலாவதைக் கேட்டு முடிக்கட்டும்.

வாசிக்கிற நீங்களும் இதில் ஏதாவதொன்றை எடுத்துக் கேட்டால் எழுதுங்கோ. பிடிச்சுதா எண்டு நான் கேக்கேல்ல. எந்தப் பாட்டில, எத்தினையாவது நிமிடத்தில நிப்பாட்டினீங்கள் எண்டு சொல்லுங்கோ, அதில இருந்து அடுத்ததைப் பாப்பம்.